அவன் வீச்சு

மகன் லூக்கா சாலை விபத்தில் போனபின் எதுவார் முதன்முறையாக உப்பளத்தில் குண்டு வீசி ஆடும் பெத்தாங் மைதானத்துக்கு வந்திருக்கிறார், அவன் ஆடிய இரும்புக் குண்டுகளைக் குழுவிடமே கொடுத்துவிட. மாலை வெயில் சரளைமேல் சாய்ந்து கிடக்கிறது. அவன் கூட்டாளி வடிவேல் பையை வாங்கக் கை நீட்டுகிறான். ஒருநாளும் இங்கே கால் வைத்திராத எதுவாரின் மனைவி ஜெனவியேவ் குறுக்கே வருகிறாள். “குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கறேங்க.” “கால்ல போட்டுக்காதீங்க ஆன்ட்டி,” என்கிறான் வடிவேல். அவள் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். முழங்கால் லேசாக மடிகிறது. கை பின்னே போய் முன்னே வருகிறது. விடும் கணத்தில் மணிக்கட்டு உள்பக்கம் சுழல, விரிந்த விரல்கள் காற்றிலேயே நிற்கின்றன. குண்டு எங்கோ தள்ளி விழுகிறது. விழுந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை. அது லூக்காவின் வீச்சு. “என் கைதான் அவனுக்கு” என்று எதுவார் ஊரெல்லாம் பெருமையடித்தாரே, அந்தக் கை இவளுடையது. பக்கத்து ஆட்டங்களும் நின்றுவிடுகின்றன. தூசி மட்டும் வெயிலில் மிதக்கிறது. எதுவார் இன்னொரு குண்டை எடுத்து, சட்டையிலேயே துடைத்து, அவள் உள்ளங்கையில் வைக்கிறார். கோயிலுக்குள் பேசுவதைப்போல் குரல் தாழ்ந்திருக்கிறது. “இன்னொண்ணு போடு, ஜெனவியேவ்.”