உபயம் பெஞ்சு

பார்க்குக்குப் புதுசா வந்த கிரானைட் பெஞ்சுக்குத் தலைகால் புரியல. முதுகு சாயுற கல்லுல "உபயம்: தணிகாசலம்"னு தங்க எழுத்து வேற!

"யோவ் புங்கமரம், உன் கிளை என் பேரை மறைக்குது. எடுய்யா!"

"எடுத்தா நீ வெயில்ல வெந்துருவ. எவனும் உக்கார மாட்டான்டா."

"பொறாமை புடிச்ச கட்டை! என் பளபளப்புக்கு ஊரே க்யூவுல நிக்கும்."

பெஞ்சு வாங்கிக் குடுத்த தணிகாசலத்துக்கும் அதே நினைப்பு. அன்னிக்கே அந்தக் கிளையை வெட்ட வச்சுட்டாரு.

மறுநாள் மத்தியானம் ஒரு அக்கா வந்து பெஞ்சுல உக்காந்தாங்க. "ஐயோ, தோசைக்கல்லு!"ன்னு துள்ளி எழுந்து, மரத்தோட மிச்ச நிழல்ல மண்ணுலயே உக்காந்தாங்க. அப்புறம் வந்த எல்லாரும் அங்கேயேதான்.

"எங்கடா உன் க்யூ?"ன்னு கேட்டுச்சு மரம்.

பெஞ்சு நெஞ்சை நிமித்துச்சு.

"பாத்தியா? என் பேரை மறைக்க இப்ப ஒரு முதுகுகூட இல்ல!"