வியாழக்கிழமை முறை

டெலிபோன் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த "அகற்றப்படும்" நோட்டீஸை, ஆணையத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி நகத்தால் சுரண்டிக் கிழித்ததும் ஊரே கைதட்டியது.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. கடல் உள்ளே புகுந்து மலையில் முட்டி நிற்கும் ஒரு மூலை. கொஞ்சம் வீடுகள், நிறைய ஆடுகள். செல்போனில் ஒரு கோடுகூட வராது.

லாக்லனும் கைதட்டினார். கண் மட்டும் கூட்டத்தில் பெய்கி எங்கே நிற்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தது.

தபால்காரர் ஃபின்லே அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"உன் வாய்தான்யா இந்தப் பெட்டியக் காப்பாத்துச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். லாக்லன் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

இந்தச் சிவப்பு டெலிபோன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகக் கம்பெனி பல வருடமாகத் துடித்தது. குறுக்கே நின்றது தொலைபேசி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. வாரத்துக்கு ஒரு அழைப்பாவது போனால் கம்பெனி பெட்டியில் கைவைக்கக் கூடாது.

அப்படியானால் முறை போட்டுப் பேசுவோம் என்று யோசனை சொன்னவர் லாக்லன்தான். வீட்டுக்கு ஒரு கிழமை. வியாழன் அவருக்கு, வெள்ளி பெய்கிக்கு. வீட்டில் போனை வைத்துக்கொண்டே மழையில் நனைந்து போய், பெட்டிக்குள் நின்று யாரையாவது கூப்பிட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

பெய்கி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். வெள்ளிக்கிழமை மறந்துவிடுமோ என்று வியாழக்கிழமையே வந்து நிற்கிற ரகம். அதற்காக லாக்லன் அவளைக் கேலி செய்யாத வாரம் கிடையாது.

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"உங்க முறைப் பேச்சை எல்லாம் நாங்க கணக்குலயே எடுத்துக்கல. அது சும்மா பேசுறதுன்னு எங்களுக்கும் தெரியும்." சிரித்தவர், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பிப்ரவரி புயல்ல இங்கேருந்து ஆம்புலன்ஸுக்கு ஒரு அழைப்பு போயிருக்கு. அந்த ஒண்ணு போதும். இனிமே இதை யாரும் எடுக்க முடியாது."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோரும் பெய்கியைப் பார்த்தார்கள், லாக்லனைத் தவிர.

அந்தப் புயலன்று காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. மின்சாரம் போனால் வீட்டுப் போன்களும் போய்விடும், எல்லாம் புது ரகம். பெட்டி மட்டும் பழைய கம்பியில் உயிரோடிருந்தது. பெய்கியின் கணவர் டூகல் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும், அவள் வீட்டுச் செருப்போடு பெட்டிக்கு ஓடிவந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது டூகல் போய்விட்டிருந்தார். "கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். வீட்டுக்கும் பெட்டிக்கும் இருக்கிற தூரத்தைத்தான் சொல்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அன்று வியாழக்கிழமை.

ஒரு நொடி பேசினாலும் அது ஒரு அழைப்புதான் என்று லாக்லனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவர் பெட்டிக்குள் நின்று, இன்வெர்னஸ் நகரத்தில் இருக்கும் மச்சானிடம் ஆடு ஓட்டும் நாய்களுக்கான போட்டிக் கதையை ஆரம்பித்திருந்தார். ஆடுகளை விட்டுவிட்டு நடுவரைத் துரத்திப் பட்டியில் அடைத்த நாயின் கதை. நல்ல கட்டத்தில் கண்ணாடியைப் படபடவென்று தட்டும் சத்தம்.

வெளியே பெய்கி. வழிகிற மழையில் முகம் சரியாகத் தெரியவில்லை. காற்றில் அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வழக்கம்போல ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள் என்று நினைத்தார்.

ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். விளையாட்டாகக் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு என் முறை பெய்கி, உன் முறை நாளைக்கு!" என்று கத்தினார். கதையை முடித்து, மச்சான் சிரித்து ஓய்ந்த பிறகுதான் கதவை விட்டார்.

அந்தக் கதையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று நடந்ததைப் பெய்கியும் யாரிடமும் சொல்லவில்லை. இறுதிச் சடங்கில் எல்லோர் கையையும் பிடித்ததுபோல் அவர் கையையும் பிடித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. மன்னிப்புக் கேட்க அவள் வாசல்வரை எத்தனையோ தடவை போயிருக்கிறார். கதவைத் தட்டத்தான் கை வரவில்லை.

"லைன் நல்லா இருக்கான்னு யாராவது பேசிப் பாருங்களேன்," என்றார் அதிகாரி.

"வேற யாரு? இன்னைக்கு வியாழன், இவன் முறைதான்!" ஃபின்லே லாக்லனைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெய்கி வந்தாள். பெட்டியின் கனத்த கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறாள் என்று லாக்லனுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார்.

"அவசரமே இல்ல லாக்லன், நிதானமா பேசுங்க," என்றாள் பெய்கி. "வீட்டுல எனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல."