வாசல்படியில் மணல்

"மார்ச் 4, 1929. இன்றைய தவறு: நேற்று கால்களைச் சரியாக அலம்பாமல் வீட்டுக்குள் வந்திருக்கிறேன். வாசல்படியில் கடல்மணல்."

எழுதிவிட்டு அனந்தராமன் அடியில் ஒரு கோடு போட்டான். தவறுகளுக்குக் கோடு போடுவது அவன் வழக்கம்.

மணலைப் பெருக்கித் தள்ளுவதற்குள் அப்பா சுப்புராயன் உள்ளேயிருந்து வந்துவிட்டார். தெப்பக்குளத்து விடியற்காலை முழுக்கு முடிந்து சற்றுமுன்தான் திரும்பியிருந்தார்; ஈர வேட்டி; கறுப்பு நூலால் காதோடு கட்டிய மூக்குக்கண்ணாடி.

"என்னடா அது?"

"மணல்ப்பா..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராத்திரி காத்து ஜாஸ்தி. அம்மாட்ட காபி வேண்டாம்னு சொல்லு. பித்தமா இருக்கு."

தப்பித்தோம் என்று அனந்தராமன் மூச்சு விட்டான்.

இரண்டு வருஷமாக அவன் ஏறாத ஆபீஸ் படி இல்லை. மாலை வகுப்பில் டைப் அடிக்கக் கற்றதுதான் மிச்சம். கடைசியில் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா வேலை கிடைத்தது. வியாழக்கிழமை கப்பல். விஷயத்தைச் சொன்ன அன்று அப்பா ஒரே வாக்கியம்தான் பேசினார்: "கடல் தாண்டினவனுக்கு இந்தாத்துல இலை கெடையாது."

பிறகு இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

போதாக்குறைக்கு அவனுக்கே பயம். கடலைப் பார்த்தாலே தலை சுற்றும். அதனால்தான் தினமும் வகுப்புக்கு முன்னால், பையில் மாற்று வேட்டியோடு, சாந்தோம் கரையில் பழக்கமான லாசரின் கட்டுமரத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

"தண்ணியப் பாக்காத சாமி! கோபுரத்தப் பாரு!" அன்று சாயங்காலமும் துடுப்பைத் தள்ளியபடி லாசர் கத்தினான்.

அனந்தராமன் பார்த்தான். கரை மெல்ல விலகியது. மாதாகோயில் கூம்பும் கபாலி கோபுரமும் தென்னைகளும் சிவந்த வானத்தில் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. பிறந்து வளர்ந்த மயிலாப்பூர், யாரோ தூக்கத்தில் கண்ட ஊர் மாதிரி இருந்தது. கப்பலிலிருந்தும் இப்படித்தான் தெரியுமோ? வயிறு புரளவே இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது.

"லாசர்! இன்னிக்கு வாந்தி வரலே!"

"அதான் பாத்தேன். மொத நாளு எங்காலு மேலயே அபிசேகம் பண்ணியே!"

அனந்தராமன் சிரித்தான். உடனே முகம் வாடியது. "ஆனா நான் போகப்போறதில்லே."

"இன்னா சாமி, இம்மாம் தண்ணி குடிச்சிட்டு?"

"அப்பா வாயால போயிட்டு வான்னு சொல்லணும். சொல்லமாட்டார். அது இல்லாம கப்பலேற மனசு வரலே."

லாசர் கட்டுமரத்தைக் கரைப் பக்கம் திருப்பினான். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டான்.

"நீ தேவல சாமி. காத்தால வலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு பெருசு வருது. உங்க ஆளுங்கதான். ஒரு வாரமா தெனம் வாந்தி. உட மாட்டேங்குது. கண்ணாடி தண்ணில வுழுந்துடப்போவுதுன்னு கறுப்பு நூலப் போட்டுக் காதுல கட்டிகினு குந்திகினு கீது. இன்னாத்துக்கு ஐயரே இந்த வயசுலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" அனந்தராமன் துடுப்பை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"'என் ஒடம்பே இதைத் தாங்கிடுத்துன்னா என் பிள்ளை தாங்கிப்பான்'னுச்சு."

அன்று அனந்தராமன் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பைத் திறந்தான். காலையில் எழுதிய தவறை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினான்:

"நாளைய வேலை: விடியுமுன் வாசல்படி அருகே ஒரு குடம் தண்ணீர் வைப்பது. அப்பா கால் அலம்பிக்கொள்ள."