மூன்று லயத்து லட்டு

நானூற்று எழுபத்தொரு லட்டு. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் மூன்று. ஒரு லயத்துக்கு ஒரு லட்டு கூடிப்போனாலும் அடுத்த திருவிழா வரை மற்ற இரண்டு லயமும் முகம் கொடுத்துப் பேசாது.

அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் பிரசாதத்தைப் பங்கு வைப்பது இராசையா. மூன்று பேசின் பாத்திரத்தை வரிசையாக வைத்து, "மேல் லயம், நடு லயம், கீழ் லயம்" என்று ஒவ்வொன்றாகப் போடுவார். அவர் முடிப்பதற்குள் பதுளைக்குப் போன பஸ் திரும்பி வந்துவிடும்.

இந்த வருஷம் அவர் முதல் லட்டைத் தொடுமுன்பே மதுஷா வாயைத் திறந்தாள். மேல் லயத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பூனாகலைப் பெண். லட்டை எண்ணி அடுக்கியவளும் அவள்தான்.

"மிச்சம் வராதுங்க. நாலு, ஏழு, ஒண்ணு... கூட்டினா பன்னெண்டு. பன்னெண்டு மூணால பிரியுமில்ல, அப்ப மொத்தமும் பிரியும். லயத்துக்கு நூத்தி அம்பத்தேழு."

கூட்டத்தில் நின்ற சுரேஸ் போனில் தட்டிப் பார்த்தான். "அடேயப்பா, சரிதான்!"

கோயில் தலைவர் கஜேந்திரனுக்கு வாயெல்லாம் பல். "இனிமே வருஷா வருஷம் இந்தப் புள்ளையே பங்கு வைக்கட்டும்."

இராசையாவின் வயிறு எரிந்த எரிச்சலில் மூன்று லயத்துக்கும் தேத்தண்ணி போட்டிருக்கலாம்.

"இலக்கத்தைக் கூட்டினா லட்டு சரியா வந்திருமா தலைவரே? என் வழியில ஒருக்கா வச்சுப் பாப்போம். குறைஞ்சா?"

"குறைஞ்சா எப்பவும் நீங்கதான் பங்கு வைக்கிறது."

பேசின் எடுக்கத் திரும்பிய சாக்கில் ஒரு லட்டு இராசையாவின் வாய்க்குள் போனது. முழுசாக. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. தலையைக் குனிந்தபடி பங்கு வைத்துக்கொண்டே போனார்.

"மனுசனுக்கு என்னா பக்தி!" என்றாள் பக்கத்தில் நின்ற ரெங்கம்மா.

கடைசிச் சுற்று. மேல் லயத்துக்கு ஒன்று, நடு லயத்துக்கு ஒன்று. கீழ் லயத்துக்கு இல்லை.

கூட்டம் சிரித்தது. "பூனாகலையில இப்பிடித்தான் எண்ணுவாங்களோ?"

மதுஷாவின் முகம் சிவந்தது. இராசையாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எண்ணுனதுல நான்தான் தப்பு விட்டுட்டேன். மாமா வழிதான் சரி. என் பங்கு லட்டைக் கீழ் லயத்துக்கு வச்சிருங்க."

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இராசையா அண்ணன் மேடைக்கு வரவும்! பொன்னாடை போத்தணும்!"

இராசையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினார். தலைக்கு மேல் மூன்று முழம் வளர்ந்த மாதிரி இருந்தது அவருக்கு.

கூட்டத்துக்குள் மதுஷா வந்து வழி மறித்தாள். யார் காதிலும் விழாமல், தன் லேஞ்சித் துணியை நீட்டினாள்.

"மேடைக்குப் போறதுக்கு முன்னாடி மீசையைத் துடைச்சுக்குங்க மாமா. பூந்தி ஒட்டியிருக்கு."