ஓட்டை விழுந்த கீரை

சூர்யகலா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கையில் காகிதத்தோடு வருவதைப் பார்த்ததுமே லூர்துமேரி கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

போன வாரம் இதே பெண்தான் கல்லூரி ஆராய்ச்சி என்று சொல்லி, மரக்காணம் மார்க்கெட்டில் எல்லாரிடமும் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிப் போனாள். புதுச்சேரி சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் விற்கிற கீரையையும் வாங்கினாளாம். எதில் சத்து அதிகம், எதில் விஷம் அதிகம் என்று பார்ப்பார்களாம்.

"யக்கா, உன் ஓட்டைக் கீரைக்கு டாக்டர் பட்டம் குடுக்கப் போறாங்க" என்று பக்கத்துக் கடைக் கொளஞ்சி அன்றைக்கே கிண்டலடித்தாள்.

லூர்துமேரி கீரைக்கு மருந்தே அடிப்பதில்லை. பூச்சி தின்ற ஓட்டைகள்தான் அதற்குச் சாட்சி. அதை நம்பித்தான் அங்கன்வாடியில் தினமும் பத்துக் கட்டு அவளிடம் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் கோளாறாக வந்தால் அது நின்றுபோகும். நின்றால்கூடப் பரவாயில்லை. இத்தனை நாள் சாப்பிட்ட பிள்ளைகள்?

சூர்யகலா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

சூப்பர் மார்க்கெட் கீரையைவிட இந்த மார்க்கெட் கீரையில் இரும்புச்சத்து கூடுதல் என்றாள். வைட்டமினும் கூடுதல். அது நாலு நாள் குளிர்பெட்டியில் கிடந்தது. இது காலையில் பறித்தது.

"அப்புறம் ஏம்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"உங்க கட்டுல மட்டும் பூச்சிமருந்து இருக்குதுக்கா. நிறையவே."

"மாதா சத்தியமா நான் மருந்து அடிக்கிறதில்லம்மா!"

"தெரியும்க்கா. போன வாரம் உங்க தோட்டத்துலயும் நானே பறிச்சிட்டுப் போனேன்ல, அதுல ஒண்ணுமே இல்ல. இங்க வந்த கட்டுலதான் இருக்குது. நடுவுல என்ன பண்றீங்க?"

நடுவில் என்ன? பறிக்கிறாள். கட்டுகிறாள். பஸ்ஸில் ஏற்றி வருகிறாள். வெயிலில் வாடக்கூடாதே என்று...

அப்போதும் அவளுடைய வலது கை தன்பாட்டுக்கு நீலக் கேனிலிருந்து கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது.

கை நின்றது.

சூர்யகலா அந்த நீலக் கேனைத் தூக்கித் திருப்பினாள். பிடிக்கு அடியில் கிழியாமல் மிச்சமிருந்தது லேபிளின் ஒரு மூலை. அதில் பூச்சிமருந்துக் கேன்களில் போடுகிற சிவப்பு முக்கோணம், பாதி.

காயலான்கடைக் கேன். பதினைந்து நாளைக்கு முன்னால் அவள் புருஷன் முருகையன்தான் வாங்கிவந்தான். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக் கொடுத்தான்.

"பயப்படாதீங்க, மேலோட ஒட்டினதுதான்" என்றாள் சூர்யகலா. "அங்கன்வாடியில விசாரிச்சிட்டுத்தான் வர்றேன். மூணு தண்ணியில அலசித்தான் வேக வைக்கிறாங்க. குழந்தைங்க எல்லாம் நல்லாருக்குதுங்க. நாங்களும் ஒரு தடவை டாக்டரை வச்சுப் பாத்துடறோம்."

கொளஞ்சி எட்டிப் பார்த்தாள். "அட, கேன்தானா! தூக்கிப் போட்டுட்டு ஒரு குடத்தை வச்சுக்க. இதுக்குப் போயி இப்படி பயப்படுற?"

மணி பதினொன்று ஆகியிருந்தது. லூர்துமேரி சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டாவது தடவைதான் நம்பர் சரியாக விழுந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. வேலைநேரத்தில் முருகையன் சட்டையைக் கழற்றிப் போனோடு உப்பள வரப்பில் வைத்துவிடுவான்.

உப்பளத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்துதான் போகவேண்டும்.

அவன் காயலான்கடையில் வாங்கியது ஒரே மாதிரி இரண்டு கேன். மற்றதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்து, இன்று காலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான், தன்னோடு உப்பு வாருகிற எட்டுப் பேருக்கும் சேர்த்து.