ஏற்றாத விளக்கு

புரட்டாசி முடியும் தறுவாய். வானம் கருக்கொண்டும் பெய்ய மனம் ஒருப்படாமல் சிவகாசியின் மேல் கவிந்து நின்றது. மழை வேண்டி நோன்பிருந்த மரபில் வந்தவர்கள்தாம், தீபாவளிக்கு முந்திய இந்நாள்களில் மட்டும் மழை வேண்டாமென்று நேர்ந்துகொள்கிறார்கள். மண்வாசத்தோடு வெடிமருந்துவாசமும் கலந்து வீசிய காற்றில், ஊரே மூச்சை அடக்கி மேகத்தைப் பார்த்திருந்தது.

ஆமத்தூர் சாலையோரத்து லாரி செட்டில், பட்டாசுப் பெட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று தார்ப்பாய் இறுகக் கட்டி நாகபுரிக்குப் புறப்பட நின்றது.

அதன் முன்சக்கரத்தருகே மாரிசெல்வி குனிந்திருந்தாள். ஓட்டப்போகிறவன் அவள் கணவன் மாரிக்கண்ணன்.

முந்தைய லோடை வடக்கே இறக்கிவிட்டு அன்று காலையில்தான் அவன் திரும்பியிருந்தான். மாற்று டிரைவர் சிக்குன்குனியா கண்டு, விரலை மடக்கவும் இயலாமல் வீட்டில் கிடந்தான். போக வர ஒற்றை ஆளாகவே ஓட்டியிருந்தான் மாரிக்கண்ணன். இப்போதும் ஒற்றை ஆள்தான்.

"கண்ணை மூடுனாத்தான் செல்வி ரோடு தெரியுது. தொறந்தா மறைஞ்சுபோகுது" என்று காலையில் சிரித்தபடி சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை.

மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாயில்லை. சீசனில் மறுத்தவனுக்குச் சீசன் கழிந்தபின் வண்டி கிடைக்காது. இன்றிரவு மட்டும் அவர் தூங்கட்டும் என்று அவளே முதலாளி லட்சுமிகாந்தத்திடம் கேட்டுப் பார்த்தாள்.

"தீபாவளி நமக்காக ஒருநாள் தள்ளி வருமா தாயி?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பட்டாசு லோடுக்குச் சூடம் கொளுத்தலாகாது. ஆகவே செட்டுக்குள் மாட்டிய இருக்கன்குடி மாரியம்மன் படத்தின்முன் அகலில் திரியிட்டு, நல்லெண்ணெய் வார்த்து, ஏற்றாமலே கும்பிடுவது அவர்கள் வழக்கம். எரியாத சுடரையும் அம்மன் ஏற்றுக்கொள்வாள். பிறகு டிரைவர் வீட்டுப் பெண் முன்சக்கரம் இரண்டின் கீழும் எலுமிச்சம்பழம் வைப்பாள். இரண்டும் நசுங்கினால் பயணம் நலம். ஒன்று தப்பினாலும் சகுனம் சரியில்லை.

மாரிசெல்வி குப்பியில் எண்ணெயும் மடியில் பழங்களுமாக வந்திருந்தாள். பழங்களை வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

வண்டி மெல்ல உருண்டது. வலப்பக்கத்துப் பழம் சாறாயிற்று. இடப்பக்கத்துப் பழம் சக்கரத்தின் அடியிலிருந்து சட்டென்று வழுவி, முழுசாக உருண்டோடி, முதலாளியின் காலடியில் போய் நின்றது.

சுமையேற்றுகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள்.

லட்சுமிகாந்தம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏலே மாரிக்கண்ணா, எறங்கு. இன்னிக்கு நீ வண்டியத் தொடாத. போய்ப் படு."

மாரிசெல்வியின் உள்ளம் அம்மன் அடியில் வீழ்ந்து எழுந்தது. வண்டி இன்றிரவு இங்கேயே நிற்கும். விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குள் முதலாளி மேகத்தை அண்ணாந்து பார்த்தார். "வண்டிக்கு ஒரு கொறையுமில்ல. ஆளுக்குத்தான் நேரம் சரியில்ல. இருளாண்டியக் கூப்பிடுங்க."

இருளாண்டியும் அதே செட்டின் டிரைவர்தான். அன்று மதியந்தான் ஹைதராபாத்திலிருந்து வந்திறங்கியவன். தலையின் ஈரம் உலராமல், துண்டும் கையுமாக வந்தான். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன.

"ஒனக்கு எலுமிச்சம்பழமாச்சும் லீவு குடுக்குதுலே மாப்ள. எனக்குப் பூசணிக்காயே உருண்டாலும் குடுக்கமாட்டாக!"

எல்லாரும் சிரித்தார்கள். மாரிக்கண்ணனும் சிரித்தான், சிரித்தபடியே காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உறங்கிப்போனான்.

இருளாண்டி மாரிசெல்வியின் பக்கம் திரும்பினான். "எம் பொஞ்சாதி அய்யம்மா அச்சங்குளத்துக்குப் பட்டாசு வேலைக்குப் போயிட்டா. நீயே பழத்த வச்சிரு தங்கச்சி. புருசனக் காப்பாத்துன கையாச்சே!"

அவள் குழாயடிக்குப் போனாள். கைகளைக் கழுவினாள். மண்ணிட்டுத் தேய்த்து மறுபடியும் கழுவினாள்.

அம்மன் விளக்குக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெயின் வழுவழுப்பு விரலிடுக்குகளை விட்டு எளிதில் போவதாயில்லை. ஒரு பழத்தைச் சுற்றிப் பூச அதில் சில துளிகளே போதுமாயிருந்தன.

சொல்லிவிடலாம். சொன்னால், சாக்கின்மேல் கிடப்பவனை எழுப்பி விடுவார்கள்.

புதுப்பழம் இரண்டை முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். சக்கரத்தின் நட்டநடுவில், மண்ணை விரலால் குழித்து, அசையாதபடி வைத்தாள். வண்டி உருண்டது. இரண்டும் நசுங்கின.

"இதுல்ல சகுனம்!" என்றார் முதலாளி.

மாரிசெல்வி அம்மன் படத்தின்முன் போய் நின்றாள். குப்பியில் மீந்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் அகலில் வார்த்தாள். திரி முழுதும் மூழ்கிற்று. ஏற்றாத அந்த விளக்கின்முன், நெற்றி தரையில் பட விழுந்து கிடந்தாள்.

எழுந்தபோது லாரி வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவைப் பற்றினாள். மேலேயிருந்து இருளாண்டி குனிந்து பார்த்தான்.

"கண்ணு அசந்தா ஓரங்கட்டிப் படுத்துருங்கண்ணே, யாரு என்ன சொன்னாலும். நல்லபடியாப் போயி நல்லபடியா வாங்க. அய்யம்மா மதினி காத்திருப்பாக. ஆத்தா ஒங்க கூடவே வருவா."