ஐந்து கருப்பு விரல்கள்

அவருடைய லேத் பட்டறைக்குப் போகாமல் இயற்கைச் சாய வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. நாளைய கண்காட்சிக்காகப் பலமுறை அலசிப் பதப்படுத்திய துணியைக் கடைசியாகக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு மாலை வகுப்புக்கு ஓடினேன். அங்கே இருக்கும்போதே மழை கொட்டியது. கடுக்காய் கரைந்து போயிருக்கும், மூன்று வார வேலை வீண் என்று நினைத்தபடி திரும்பினேன்.

துணி கூடத்து நாற்காலியில் மழை படாமல், பாதி காய்ந்து கிடந்தது. ஓரத்தில் ஐந்து கருப்பு விரல்கள். கடுக்காய் ஏறிய துணியில் இரும்புத்தூள் பட்டால் கருத்துவிடும். சரிதானா என்று வகுப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சரிதான்.

“யாருப்பா துணிய எடுத்தது?”

பட்டறைச் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த அப்பா டிவியைப் பார்த்துச் சொன்னார்: “எனக்கென்ன தெரியும்? காத்துல பறந்து உள்ள வந்திருக்கும்.”

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் கறை மங்கும் என்றும் நோட்டில் இருந்தது. பழத்தை எடுத்தேன். வெட்டத் தோன்றவில்லை. செய்வது சரியா என்று தெரியாமலே துணியை அவர் முன்னால் விரித்தேன்.

“இந்தப் பக்கம் வெறுமையா இருக்குப்பா. அந்தக் கையையும் வைங்க.”

அப்பா தன் இடது கையைப் பார்த்தார். சட்டையில் துடைக்கப் போனார்.

“துடைக்காதீங்க” என்றேன்.